உண்டியலால் உயிர் பிழைத்த கழகம்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்றோர் ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்தின் தலையாய லீக்கில் கார்ல்டன், எஸ்ஸெண்டன், காலிங்வுட் ஆகிய மூன்று கழகங்கள் ஒவ்வொன்றும் 16 முறை கோப்பையை வென்றிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஒரு கழகத்தின் வரலாறும் சாதனைகளும் என்ற தலைப்புக்கு வேண்டிய வெற்றிப் பட்டியல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்திருக்கும். நான் எடுத்துக்கொண்டதோ, 1925ஆம் ஆண்டு அந்த லீக்கில் சேர்ந்து, இரண்டே இரண்டு முறை கோப்பையைத் தொட்ட ஒரு கழகம். அதன் பழைய பெயர் புட்ஸ்கிரே கால்பந்துக் கழகம்; இன்றைய பெயர் வெஸ்டர்ன் புல்டாக்ஸ். “தோற்றவன் கதையை எதற்கடா எழுதுகிறாய்?” என்று விடுதி நண்பன் ஒருவன் கேட்டான். எழுதத் தக்க கதை அதுதான் என்பது என் துணிபு. கோப்பைகளை எண்ணுவதால் மட்டும் ஒரு கழகத்தின் பெருமையை அளந்துவிட முடியுமா என்பதை நண்பர்களே படித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். நாம் கால்பந்து என்று சொல்வது வேறு, இது வேறு. 1858இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் ஆட்டக்காரர்களின் உடல் தளர்ந்துவிடாமல் இருக்க ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கலாமே என்று மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மே மாதம் அவரும் வேறு சிலரும் கூடி விதிகளை எழுதினார்கள். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் பிறந்தது 1863இல். ஆகவே மெல்போர்ன் விதிகள் அதற்கும் மூத்தவை. கிரிக்கெட் மைதானங்களிலேயே ஆடி வந்தமையால் இன்றும் இதன் ஆடுகளம் முட்டை வடிவில்தான் இருக்கிறது. நீளம் 135 மீட்டர் முதல் 185 மீட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். ஒரு விளையாட்டில் மைதானத்துக்கு மைதானம் அளவு மாறலாம் என்பதே நமக்குப் புதுமையாக இருக்கிறதல்லவா?

அணிக்கு 18 பேர். பந்தும் முட்டை வடிவம். அதை உதைக்கலாம், கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்டியோ தொட்டோ ஆக வேண்டும். எறியக் கூடாது. ஒரு கையில் பந்தை ஏந்தி மற்றக் கையின் முஷ்டியால் குத்தித்தான் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். உதைக்கப்பட்ட பந்து 15 மீட்டராவது பறந்து வர, வேறு யார் கையும் படுமுன் அதைப் பிடித்துவிட்டால், பிடித்தவர் நின்று நிதானமாக உதைக்கும் உரிமை பெறுகிறார். இந்தப் பிடிக்காக ஒருவர் தோள்மீது இன்னொருவர் முழங்காலை ஊன்றி எழும்பும் காட்சி பார்ப்பவர் மூச்சை நிறுத்தும். களத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி; பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. 15 கோலும் 12 ஒற்றைப் புள்ளியும் எடுத்த அணிக்கு மொத்தம் 102 என்று கணக்கு.

நான் இயற்பியல் மாணவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. முட்டை வடிவப் பந்து காற்றில் தறிகெட்டுத் திரியும் இயல்புடையது. இதை அடக்க இவர்கள் பந்தை நெட்டுக்குத்தாக விட்டு, அதன் கீழ்முனையில் உதைத்து, அது தலைகீழாகப் பின்னோக்கிச் சுழன்றுகொண்டே செல்லும்படி செய்கிறார்கள். பம்பரம் சுழலும் வரை சாயாமல் நிற்பது எந்தத் தத்துவத்தாலோ அதே தத்துவத்தால் இந்தப் பந்தும் தன் அச்சை மாற்றாமல் நேரே போகிறது. கோண உந்த அழிவின்மை என்று நம் பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதுவதை அவர்கள் காலால் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

இனிக் கழகத்துக்கு வருவோம். மெல்போர்ன் நகரின் மேற்கே மரிபிர்னாங் ஆற்றைக் கடந்தால் புட்ஸ்கிரே. நகரத்துக்கு வேண்டிய, ஆனால் நகரத்தார் தம் வீட்டருகே வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்கள் யாவும் ஒரு காலத்தில் ஆற்றுக்கு அக்கரையில் குடியேறின. கருங்கல் உடைக்கும் குழிகள், ஆடுமாடு வெட்டும் கூடங்கள், தோல் பதனிடும் தொட்டிகள், கயிறு திரிக்கும் ஆலை, வெடிமருந்துத் தொழிற்சாலை, பக்கத்தில் நியூபோர்ட் ரயில்வே பட்டறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிரேக்கரும் இத்தாலியரும் யூகோஸ்லாவியரும், 1970களின் இறுதியிலிருந்து வியட்நாமியரும் அங்கே வந்து சேர்ந்தனர். மேற்குப் பகுதிக்காரர் என்றால் கிழக்குப் பகுதியார் முகத்தில் ஒரு சுளிப்பு தோன்றும் என்று படித்தேன். கல்லூரி விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தை நிரப்பும்போது பேனா ஒரு கணம் நின்றவர்களுக்கு அந்தச் சுளிப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

கழகம் தன் பிறப்பாண்டாகக் கொள்வது 1877. 1886இல் விக்டோரியக் கால்பந்துச் சங்கத்தில் சேர்ந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, வசதியும் கூட்டமும் மிகுந்த எட்டுக் கழகங்கள் சங்கத்தை விட்டு வெளியேறி, 1897 முதல் விக்டோரியக் கால்பந்து லீக் என்று தனிப்பந்தி போட்டுக்கொண்டன. புட்ஸ்கிரேக்கு அந்தப் பந்தியில் இலை விழவில்லை. பழைய சங்கத்திலேயே இருந்து 1898 முதல் 1924 வரை ஒன்பது முறை பட்டம் வென்றது. ஆயினும் அது இரண்டாந்தரப் பட்டம் என்றே பேசப்பட்டது.

1924ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வாய்ப்பு வந்தது. முதல் உலகப் போரில் கைகால் இழந்த வீரர்களுக்காகப் புகழ்பெற்ற இசையரசி நெல்லி மெல்பா நிதி திரட்டிவந்தார். அந்த நிதிக்காக லீக்கின் வெற்றி அணியாகிய எஸ்ஸெண்டனும், சங்கத்தின் வெற்றி அணியாகிய புட்ஸ்கிரேயும் மோதுவது என்று முடிவாயிற்று. பெரிய பந்தியார் வெல்வார்கள் என்றே ஊர் எண்ணியது. புட்ஸ்கிரே 28 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. மறு ஆண்டே, ஹாதார்ன், நார்த் மெல்போர்ன் ஆகியவற்றோடு புட்ஸ்கிரேயையும் லீக் சேர்த்துக்கொண்டது.

சேர்ந்த பின் நீண்ட வறட்சி. முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்ததே 1938இல்தான். அந்த ஆண்டுகளை விரித்துரைக்க விரும்பவில்லை. நேரே 1954க்கு வருகிறேன்.

சார்லி சட்டன் என்பவர் அப்போது அணித் தலைவர், பயிற்சியாளர் இரண்டும். களத்தில் தானும் மோதிக்கொண்டே பிறருக்கும் கட்டளையிடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. குட்டையான, கட்டுமஸ்தான, அஞ்சாத மனிதர். 1954 செப்டம்பர் 25 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 80,897 பேர் கூடியிருக்க, மெல்போர்ன் கழகத்தை எதிர்த்துப் புட்ஸ்கிரே இறுதி ஆட்டத்தில் இறங்கியது. ஜாக் காலின்ஸ் மட்டும் 7 கோல் போட்டார். முடிவு 102க்கு 51. சரியாக இரு மடங்கு! எதிரணியில் அன்று ஆடிய இளைஞர் ரான் பராசி, பின்னாளில் அந்த ஆட்டத்தின் மாபெரும் பெயர்களுள் ஒன்றானார். அவர் கண்ட முதல் இறுதி ஆட்டம் இந்தத் தோல்விதான்.

வென்ற அணியில் 21 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் டெட் விட்டன். அவரைத் தவிர்த்து இக்கழகத்தின் வரலாற்றை எழுதவே முடியாது. பக்கத்திலுள்ள பிரேபுருக் என்ற எளியோர் குடியிருப்பிலிருந்து வந்தவர். 1951 முதல் 1970 வரை 321 ஆட்டங்கள் ஆடினார். அவர் ஓய்வு பெற்றபோது லீக்கில் வேறெவரும் அத்தனை ஆட்டம் ஆடியதில்லை. 1961இல் அவர் தலைமையில் அணி மீண்டும் இறுதி ஆட்டத்துக்குச் சென்று ஹாதார்னிடம் 43 புள்ளியில் தோற்றது. அதன்பின் அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கிட்டவேயில்லை. ஆனால் ‘மிஸ்டர் புட்பால்’ என்று நாடே அவரை அழைத்தது. 1995 ஜூன் மாதம், புற்றுநோயால் கண்பார்வை இழந்த நிலையில், திறந்த காரில் மகன் அருகே அமர்ந்து மெல்போர்ன் மைதானத்தை ஒருமுறை சுற்றிவந்தார். தம்மைக் காண முடியாத ஒருவரை நோக்கி ஆயிரமாயிரம் பேர் எழுந்து நின்று கையசைத்தார்கள். அந்தக் காட்சியின் பதிவை நான் பார்த்தேன். அந்த ஆட்டத்தின் விதிகள் ஒன்றுகூட எனக்கு அப்போது தெரியாது. ஆயினும் தொண்டை அடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. கழகத்தின் மேற்கு மைதானம் விட்டன் மைதானம் எனப் பெயர் பெற்றது. எந்நேரமும் காற்று வீசும் மைதானம் அது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் கோல் விழும் என்பார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்கு நடுவர்கள் வாக்களித்து வழங்கும் பிரௌன்லோ பதக்கத்தை இக்கழக வீரர்கள் பத்துப் பேர் பெற்றிருக்கிறார்கள். அவர்களுள் காரி டெம்ப்சியைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். 1969 ஜனவரியில் லாரா என்ற இடத்தில் பரவிய காட்டுத் தீயில் அவர் உடலின் பாதியளவு வெந்துபோயிற்று. இனி ஆட முடியாது என்றார்கள். ஆடினார், 1975இல் பதக்கமும் பெற்றார். கெல்வின் டெம்பிள்டன் 1978இல் ஒரே பருவத்தில் 118 கோல் போட்டார். தனிமனிதர்கள் இப்படி மின்னினாலும் அணி மட்டும் மேலே வரவில்லை.

1980களில் லீக்கின் போக்கு மாறியது. ஆட்டக்காரர்களின் ஊதியம் ஏறியது. 1982இல் சவுத் மெல்போர்ன் கழகம் கடன் தாளாமல் சிட்னி நகருக்கே குடிபெயர்ந்தது. 1987இல் பெர்த், பிரிஸ்பேன் நகரங்களிலிருந்து புதிய அணிகள் வந்தன. நாடு முழுவதற்குமான லீக்காக வளர வேண்டுமானால் மெல்போர்ன் நகரில் இத்தனை கழகங்கள் தேவையில்லை என்ற எண்ணம் தலைமையில் இருந்தவர்களுக்கு உண்டாயிற்று. எவை அதிகப்படி? பணக்காரக் கழகங்கள் அல்ல என்பது சொல்லாமலே விளங்கும்.

1989 அக்டோபர் தொடக்கத்தில் அறிவிப்பு வெளிவந்தது. புட்ஸ்கிரேயும், அதைப்போலவே கடனில் தவித்த பிட்ஸ்ராய் கழகமும் இணைந்து ‘பிட்ஸ்ராய் புல்டாக்ஸ்’ என்ற புதிய அணி ஆகும். ஆற்றுக்கு இக்கரையில் உள்ள பிரின்சஸ் பூங்கா மைதானத்தில் ஆடும். அதாவது ஊர்ப்பெயரும் போகும், மைதானமும் போகும், விலங்கின் பெயர் மட்டும் மிஞ்சும். ரசிகர்களும் உறுப்பினர்களும் இதைச் செய்தியாகத்தான் கேட்டார்கள். ஒரு வார்த்தை அவர்களைக் கேட்கவில்லை.

இங்கேதான் இக்கழகத்தின் உண்மையான சாதனை தொடங்குகிறது என்பேன். பீட்டர் கார்டன் என்ற இளம் வழக்கறிஞர் முன்னின்றார். கழகத்தின் மீது பற்றுக்கொண்ட ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். உறுப்பினர்களுக்கு உரிய வாய்ப்புத் தராமல் கழகத்தை மூடிவிட முடியுமா என்பதே கேள்வி. நீதிமன்றம் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஆனால் சட்டம் மூச்சுவிடும் நேரத்தைத்தான் கொடுக்கும், கடனை அடைக்காது. கழகம் நிலைக்க வேண்டுமானால் பத்து லட்சம் டாலருக்கும் மேல் வேண்டும். கைவசம் இருந்தது சுமார் மூன்று வாரம்.

மேற்கு மெல்போர்ன் அந்த மூன்று வாரங்களும் உறங்கவில்லை. மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். தெருமுனைகளிலும் கடைவாசல்களிலும் உண்டியல் குலுங்கியது. வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். ஒரு வேறுபாடு உண்டு. நம் வரியைக் கொடுக்காவிட்டால் ஊர் கேட்கும். அங்கே கொடுக்காதவரை யாரும் கேட்டிருக்க முடியாது. போட்டிக் கழகங்களின் ரசிகர்களும் கொடுத்தார்கள். காலக்கெடு முடிவதற்குள் தேவையான பணம் சேர்ந்தது. இணைப்பு கைவிடப்பட்டது. பீட்டர் கார்டன் கழகத்தின் தலைவரானார்.

சிலர் இதை உணர்ச்சிவசப்பட்ட செயல் என்று தள்ளிவிடக் கூடும். ஆலை மூடினால் ஆலையைத்தான் காப்பாற்ற வேண்டும், கால்பந்தைக் காப்பாற்றி என்ன பயன் என்று எனக்கும் முதலில் தோன்றிற்று. ஆனால் எண்ணிப் பார்த்தால், ஆலை மூடப்படுவதைத் தடுக்க அந்தத் தொழிலாளர்களின் கையில் ஒன்றும் இல்லை. அதன் முதலாளி எங்கோ இருக்கிறார். கழகத்துக்கு முதலாளி கிடையாது. ஆண்டுச் சந்தா செலுத்திச் சீட்டு வாங்கிய உறுப்பினர்களின் சொத்து அது. தம் கையில் இருந்த ஒன்றைத் தம் கையாலேயே காத்துக்கொண்டார்கள்.

மறு பருவமான 1990இல் இன்னொரு வியப்பு நிகழ்ந்தது. மூடப்படவிருந்த அந்த அணியின் ஆட்டக்காரர் ஒருவர் பிரௌன்லோ பதக்கம் பெற்றார். அவர் பெயர் டோனி லிபரடோர்; இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. உயரம் 163 சென்டிமீட்டர். நம் வகுப்பில் நிறுத்தினால் நடுவரிசையில் நிற்கும் உயரம். ஆறடிக்கு மேற்பட்டவர்கள் முட்டி மோதும் ஆட்டத்தில் அவர் ஆடினார். இளையோர் அணி, இரண்டாம் அணி, முதல் அணி ஆகிய மூன்று நிலைகளிலும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் பெற்றவர் அவர் ஒருவரே. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

அதே 1990இல் லீக்கின் பெயர் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என மாறியது. புட்ஸ்கிரேயோடு இணையவிருந்த பிட்ஸ்ராய் கழகத்தின் கதி என்னவாயிற்று என்று கேட்கலாம். 1883இல் பிறந்த அக்கழகம் 1996 பருவத்தின் முடிவில் பிரிஸ்பேன் அணியோடு இணைக்கப்பட்டு, பிரிஸ்பேன் லயன்ஸ் என்ற பெயரில் வேறு மாநிலத்துக்குப் போயிற்று. அதன் பழைய ரசிகர்கள் சிலர் ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். எட்டுக் கோப்பை வென்ற கழகம் அது. ஒரு கோப்பை வென்ற கழகம் நின்றது. எட்டு வென்றது போயிற்று.

புட்ஸ்கிரேயும் விலை கொடுக்காமல் தப்பவில்லை. 1996இன் இறுதியில், மேற்குப் பகுதி முழுவதிலும் ஆதரவு திரட்டும் பொருட்டுத் தன் ஊர்ப்பெயரை விட்டு ‘வெஸ்டர்ன் புல்டாக்ஸ்’ ஆயிற்று. பெயர் மாற்றத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெயரைக் காப்பதற்காகத்தானே அத்தனை உண்டியல்கள் குலுங்கின? ஆனால் கழகக் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு வேறு கவலைகள் இருந்திருக்கும். விட்டன் மைதானத்திலும் 1997க்குப் பின் லீக் ஆட்டங்கள் நடைபெறவில்லை. அது பயிற்சிக்கூடமாகவும் அலுவலகமாகவும் ஆயிற்று. பழைய பெயர் முற்றிலும் அழியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் மாநில லீக்குக்கென்று ஓர் இரண்டாம் அணியைக் கழகம் அமைத்தபோது அதற்குப் புட்ஸ்கிரே என்றே பெயரிட்டது. அவ்வணி அந்த ஆண்டே பட்டமும் வென்றது.

அக்காலத்தில் கழகத்தின் முடிமணி கிறிஸ் கிராண்ட். புதிதாக லீக்கில் சேரவிருந்த போர்ட் அடிலெய்டு அணி அவரைப் பெருந்தொகை தந்து இழுக்கப் பார்த்தது. போக வேண்டாம் என்று ஒரு சிறுவன் கடிதம் எழுதி, அதனுள் 20 சென்ட் நாணயம் ஒன்றையும் வைத்து அவருக்கு அனுப்பினான். தன்னால் இயன்ற எதிர்விலை! கிராண்ட் போகவில்லை. 341 ஆட்டங்களையும் இந்த ஒரே கழகத்துக்காக ஆடி முடித்தார். 1997இல் பிரௌன்லோ வாக்கெடுப்பில் அவரே முதலிடம் வந்தார். ஆனால் அப்பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குத் தண்டனையாக விலக்கப்பட்டிருந்தமையால், விதிப்படி பதக்கம் அடுத்தவருக்குச் சென்றது. இந்தக் கழகத்தின் ராசி அப்படி.

ராசி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இறுதி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் வென்றால்தான் இறுதிக்குப் போகலாம். 1985, 1992, 1997, 1998, 2008, 2009, 2010 ஆகிய ஏழு முறை இந்த அணி அந்தப் படி வரை ஏறி, அங்கேயே வழுக்கியது. 1997இல் அடிலெய்டு அணியிடம் தோற்றது இரண்டே புள்ளியில்! நன்றாக முன்னிலையில் இருந்து கடைசியில் கோட்டைவிட்டார்கள். லிபரடோர் உதைத்த பந்தைக் கோல் என்றே எண்ணி அணியினர் துள்ளிக் குதித்தார்கள். நடுவர் ஒற்றைப் புள்ளி என்று விரலைக் காட்டினார்.

இனி 2016. லூக் பெவரிட்ஜ் 2015 பருவத்திலிருந்து பயிற்சியாளர். 1990களில் இதே கழகத்துக்காகச் சில ஆண்டுகள் ஆடியவர். அணித் தலைவர் பாப் மர்பி 2000ஆம் ஆண்டு முதல் ஆடிவந்தவர், 33 வயது, கோப்பை கண்டிராதவர். பருவத்தின் மூன்றாம் ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில், அவர் முழங்கால் மூட்டின் தசைநார் அறுந்தது. அவ்வாண்டு முழுதும் அவர் பார்வையாளர்தான். ஒருவர் பின் ஒருவராக வேறு பலரும் காயப்பட்டார்கள். அணி பட்டியலில் ஏழாம் இடத்தில் முடித்தது. அந்த நூறாண்டு கடந்த லீக்கின் வரலாற்றில் ஏழாம் இடத்திலிருந்து எவரும் கோப்பை வென்றதில்லை.

முதல் ஆட்டம் கண்டத்தின் மறுகோடியில், பெர்த் நகரில். வெஸ்ட் கோஸ்ட் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 47 புள்ளியில் வென்றார்கள். அடுத்து ஹாதார்ன், 2013, 2014, 2015 மூன்று ஆண்டும் கோப்பை வென்றிருந்த அணி. அதை 23 புள்ளியில் வீழ்த்தினார்கள். பின்னர் அந்தப் பழைய கண்டம், இறுதிக்கு முந்திய ஆட்டம். எதிரி சிட்னியின் மேற்குப் பகுதி அணி, ஆட்டமும் அங்கேயே. மெல்போர்னிலிருந்து காரிலும் பேருந்திலும் ரசிகர்கள் இரவோடிரவாகப் பயணம் செய்தார்கள். 6 புள்ளியில், ஒரே ஒரு கோல் கணக்கில், வென்றார்கள். எட்டாவது முயற்சியில் அந்தப் படி தாண்டப்பட்டது.

அக்டோபர் 1 அன்று மெல்போர்ன் மைதானத்தில் 99,981 பேர். எதிரணி சிட்னி ஸ்வான்ஸ்; 1982இல் குடிபெயர்ந்ததே சவுத் மெல்போர்ன், அதுதான் அது. ஊரை விட்டுப் போய் வாழ்ந்த கழகமும், ஊரிலேயே இருந்து பிழைத்த கழகமும் எதிரெதிரே நின்றன. கடைசிக் கால்பகுதியிலும் ஆட்டம் எப்பக்கமும் சாயலாம் என்ற நிலை. அப்போது டாம் பாய்டு என்ற நெடிய இளைஞர் வெகு தொலைவிலிருந்து உதைத்த பந்து தரையில் விழுந்து, தத்தித் தத்தி, கம்பங்களுக்கிடையே போயிற்று. முட்டை வடிவப் பந்து தரையில் பட்டால் எப்பக்கம் துள்ளும் என்று எந்தச் சமன்பாடும் சொல்லாது. அன்று அது நேராகத் துள்ளியது. முடிவு 89க்கு 67. ஆட்ட நாயகன் பதக்கம் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜேசன் ஜோஹானிசனுக்குக் கிடைத்தது. வென்ற அணியில் டாம் லிபரடோர் என்றொருவரும் இருந்தார். 163 சென்டிமீட்டர்க்காரரின் மகன். தந்தை ஆடிய கழகத்துக்கே மகனைத் தேர்ந்தெடுக்க அந்த லீக்கில் தனி விதி உண்டு. தந்தை பதினேழு ஆண்டுகள் ஆடியும் கிட்டாததை மகன் பெற்றார்.

62 ஆண்டுகளுக்குப் பின் வந்த கோப்பை. மேடையில் பயிற்சியாளர் பெவரிட்ஜுக்கும் ஒரு பதக்கம் அணிவித்தார்கள். அவர் பேசி முடித்துவிட்டு, சாதாரண உடையில் கீழே நின்றிருந்த பாப் மர்பியை மேடைக்கு அழைத்தார். தம் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். கோப்பையை மர்பியும், அன்று தலைமை தாங்கிய ஈஸ்டன் வுட்டும், பெவரிட்ஜும் சேர்ந்து தூக்கினார்கள். மர்பி அந்தப் பதக்கத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. சில நாட்களில் பயிற்சியாளரிடமே திருப்பிக் கொடுத்தார். அது கழகத்தின் காட்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவர் பெரியவரா, திருப்பிக் கொடுத்தவர் பெரியவரா என்று ஒரு பட்டிமன்றமே நடத்தலாம்.

பெண்கள் அணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை அரைகுறையாகிவிடும். 2013இல் பெண்களுக்கான காட்சி ஆட்டம் நடந்தபோது அதில் களமிறங்கிய இரு கழகங்களுள் இது ஒன்று. கழகத்தின் துணைத் தலைவராக இருந்த சூசன் ஆல்பெர்ட்டி பெண்கள் லீக் வேண்டுமென்று இடைவிடாது வாதாடியவர். 2017இல் அந்த லீக் பிறந்தது. 2018 மார்ச் 24 அன்று, கொட்டும் மழையில், பிரிஸ்பேன் அணியை 27க்கு 21 என்று வென்று இக்கழகப் பெண்கள் கோப்பையைப் பெற்றார்கள். ஆட்டம் நடந்த இடம் பிரின்சஸ் பூங்கா. 1989இல் கழகத்தை எங்கே கொண்டுபோய்க் கரைக்க நினைத்தார்களோ, அதே மைதானம்.

ஆடவர் அணி 2021இல் மீண்டும் இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. மார்கஸ் பான்டெம்பெல்லி தலைவர். கொரோனா காரணமாக ஆட்டம் பெர்த் நகரில் நடைபெற்றது. நாள் செப்டம்பர் 25, எதிரணி மெல்போர்ன். 1954இல் எந்த நாளோ அதே நாள், எந்த அணியோ அதே அணி! மூன்றாம் கால்பகுதியில் 19 புள்ளி முன்னிலையில் இருந்தது புல்டாக்ஸ். அதன்பின் என்ன நேர்ந்ததென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. 74 புள்ளியில் தோற்றார்கள். மெல்போர்ன் கழகத்துக்கு அது 57 ஆண்டுகள் கழித்து வந்த கோப்பை. அந்த எண்ணிக்கையின் பாரம் என்னவென்று அன்று பெர்த் மைதானத்தில் தோற்று நின்றவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் வேறு யார் இருந்திருக்க முடியும்?